இலையுதிர்காலம்: மண்தொட்டிகளில் எதை வெளியே விடலாம், பூனை உள்ள வீட்டுக்குள் எந்தச் செடிகளைக் கொண்டுவரலாம்?

கேள்வி: பவளமல்லி (ஸ்காபரோ, டொராண்டோ)

அனைவருக்கும் வணக்கம். பின்வளவில் சிறிய தோட்டம் உள்ள வீடொன்றில் வசிக்கிறேன். செப்டம்பர் கடைசியில் மேப்பிள் மரங்களின் உச்சிக் கிளைகள் சிவக்கத் தொடங்கியதும், எங்கள் தெருவிலுள்ள தோழிகள் சனிக்கிழமைகளில் கூடி, ஒருவர் மாற்றி ஒருவர் வீட்டுத் தோட்டங்களைக் குளிர்காலத்துக்கு ஆயத்தப்படுத்திக் கொடுப்பது வழக்கம். வேலை முடிந்ததும் சேர்ந்து சாப்பிட்டுவிட்டுப் பிரிவோம். வெயிற்காலத்தில் ஆளுக்கொரு திசையில் அலைந்துகொண்டிருக்கும் எங்களுக்கு, நிதானமாகப் பேசிக்கொள்ளக் கிடைக்கும் காலம் இதுதான்.

தோழிகளில் ஒருவர் சமூக நிலையத்தில் மட்பாண்ட வகுப்புக்குப் போகிறார். எங்கள் எல்லோருக்கும் தம் கையால் வனைந்த பூந்தொட்டிகளை அவர் அன்பளிப்பாகத் தந்திருக்கிறார். என்னிடம் உள்ளது நீல மெருகு (கிளேஸ்) பூசப்பட்டு, வயிறு பருத்து, வாய் ஒடுங்கிய அழகான தொட்டி. கடையில் வாங்கிய சாதாரணச் செம்மண் தொட்டிகளும், தமிழ்க் கடையில் வாங்கி அடியில் துளையிட்ட சமையற் சட்டிகள் சிலவும் இருக்கின்றன. கறிவேப்பிலை, ரம்பை (பாண்டன்), துளசி, கற்றாழை ஆகியவற்றை இவற்றில் வளர்க்கிறேன். கல்வாழை நிலத்தில் நிற்கிறது.

வீட்டில் ஒரு பூனை இருக்கிறது. தெருக்கோடியில் வசிக்கும் முதிய தோழி ஒருவரின் நாயும் பகலில் பெரும்பாலும் எங்கள் வளவில்தான் இருக்கும். செடிகளை உள்ளே கொண்டுவந்துவிட்டால், வெயில் விழும் ஒரே யன்னலோரத்தைச் செடிகளும் பூனையும் பங்குபோட வேண்டியிருக்கும். அது இலைகளைக் கடிக்கும், தொட்டி மண்ணையும் கிளறும்.

வெளியே விடக்கூடிய தொட்டிகள் எவை, உள்ளே எடுக்க வேண்டியவை எவை என்று எப்படித் தீர்மானிப்பது? தோழி வனைந்த தொட்டியை எந்தச் சேதமும் வராமல் காப்பது எப்படி? எந்தச் செடிகளை எப்போது உள்ளே எடுக்க வேண்டும், அவற்றில் விலங்குகளுக்கு ஆகாதவை எவை? மண் உறைவதற்கு முன் நிலத்தில் எதையாவது நட முடியுமா? அனுபவம் உள்ளவர்கள் விரிவாக எழுதினால், அடுத்த சனிக்கிழமை எல்லோருமாக உட்கார்ந்து வாசித்துவிட்டு வேலையைத் தொடங்குவோம்.

பதில்: திகிரி (மிசிசாகா)

பவளமல்லி அவர்களுக்கு வணக்கம். ஒரு கூட்டுப் பட்டறையில் மட்பாண்டம் வனைகிறேன். பிறந்த ஊர் மானாமதுரை. செடிகளைப் பற்றி மற்றவர்கள் எழுதுவார்கள் என்பதால், தொட்டிகளைப் பற்றி மட்டும் கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன்.

எங்கள் ஊர்ப் பானையில் ஊற்றிய தண்ணீர் சித்திரை வெயிலிலும் குளிர்ந்திருப்பதற்குக் காரணம், மண்சுவரில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் இருப்பதுதான். அவற்றின் வழியே கசியும் நீர் வெளிப்புறத்தில் ஆவியாகும்போது பானையின் வெப்பத்தையும் எடுத்துக்கொண்டு போகிறது. இங்கே அக்டோபர் முடிந்த பிறகு பானையைக் கெடுப்பவையும் இதே நுண்துளைகள்தாம். நீர் உறையும்போது அதன் கன அளவு ஏறக்குறைய 9 விழுக்காடு கூடுகிறது. ஈரம் ஏறிய சுவருக்குள் அந்த நீர் பனிக்கட்டியாக மாறினால் விரிவதற்கு இடம் இல்லாமல் மண்ணைத் தள்ளும். முதலில் மெல்லிய பொருக்குகள் உதிரும், பிறகு சுவர் ஏடேடாக உரியும், கடைசியில் வெடிப்பு விடும். ஆகவே ஒரு தொட்டியைப் பற்றிக் கேட்க வேண்டியது, எவ்வளவு தடிமனாக இருக்கிறது என்பதையோ என்ன விலை கொடுத்தோம் என்பதையோ அல்ல. அதன் சுவர் எவ்வளவு நீரைக் குடிக்கும் என்பதைத்தான்.

அதைத் தீர்மானிப்பது பெரும்பாலும் சூளையின் வெப்பம். செம்மண் தொட்டிகள் பொதுவாக 1000 டிகிரி செல்சியஸை ஒட்டிய வெப்பத்தில் சுடப்படுகின்றன. அந்த வெப்பத்தில் மண்துகள்கள் ஒன்றோடொன்று பற்றிக்கொள்கின்றனவே தவிர, இடைவெளிகள் மூடுவதில்லை. ஸ்டோன்வேர் எனப்படும் கற்களிமண் வகையை 1200 டிகிரிக்கு மேல் சுடுகிறோம். அப்போது மண்ணில் உள்ள சில கனிமங்கள் உருகிக் கண்ணாடிபோல் ஓடி இடைவெளிகளை அடைத்துவிடுகின்றன. இங்குள்ள சமூக நிலையங்கள் பலவற்றில் கோன் 6 என்ற அளவில், அதாவது ஏறத்தாழ 1220 டிகிரியில் சுடுகிறார்கள். உங்கள் தோழியிடம் இரண்டு கேள்விகளைக் கேளுங்கள். ஒன்று, எந்த மண்ணில் வனைந்தார். மற்றொன்று, எந்தக் கோனில் சுட்டார்கள். கற்களிமண்ணை அதற்குரிய வெப்பத்தில் சுட்டிருந்தால் அச்சம் பாதி குறைந்தது. செம்மண்ணை வனைந்து குறைந்த வெப்பத்தில் மெருகு மட்டும் பூசியிருந்தால், அந்தத் தொட்டியை உறைபனிக்கு முன் உள்ளே எடுத்தே ஆக வேண்டும். மெருகு இருப்பதால் தண்ணீர் புகாது என்று பலர் நம்புகிறார்கள். மெருகு இல்லாத அடிப்பாகத்தின் வழியாகவும், மெருகில் விழுந்திருக்கும் மயிரிழை வெடிப்புகளின் வழியாகவும் ஈரம் உள்ளே ஏறும். பிறகு அது உறையும்போது மெருகைத்தான் முதலில் தள்ளிவிடும்.

தோழிக்கும் நினைவில்லை என்றால் வீட்டிலேயே சோதிக்கலாம். தொட்டியைக் காலி செய்து, கழுவி, வீட்டுக்குள் சில நாட்கள் நன்றாக உலரவிட்டு எடை பாருங்கள். பிறகு ஒரு முழு நாள் நீரில் மூழ்க வைத்து, மேலே ஒட்டியுள்ள நீரைத் துடைத்துவிட்டு மீண்டும் எடை பாருங்கள். காய்ந்தபோது 2000 கிராம் இருந்த தொட்டி ஊறிய பின் 2240 கிராம் ஆனால், அது தன் எடையில் 12 விழுக்காடு நீரைக் குடித்திருக்கிறது. அதைக் குளிர்காலத்தில் வெளியே விடவே கூடாது. கூடுதல் 60 கிராமுக்குள் நின்றால், அதாவது 3 விழுக்காட்டைத் தாண்டாவிட்டால், அது தாக்குப்பிடிக்கும் வாய்ப்பு அதிகம்.

வாய்ப்பு என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. சுவர் நீரைக் குடிக்காவிட்டாலும் உள்ளே இருக்கும் ஈரமண் உறைந்து விரியும். வாய் அகன்று அடி குறுகிய தொட்டியாக இருந்தால் உறைந்த மண் மேல்நோக்கி நகர்ந்துவிடும். உங்களுடையது வயிறு பருத்து வாய் ஒடுங்கியது என்கிறீர்கள். அந்த வடிவத்தில் மண்கட்டிக்கு மேலே ஏற வழி இல்லை. எவ்வளவு உயர்ந்த வெப்பத்தில் சுட்டிருந்தாலும் அது கழுத்தில் பிளக்கக்கூடும். ஆகையால் சோதனை எல்லாம் மற்றத் தொட்டிகளுக்கு இருக்கட்டும். தோழியின் தொட்டியை வீட்டுக்குள் எடுத்துவிடுங்கள். கறிவேப்பிலையையோ துளசியையோ அதில் வைத்து யன்னலோரத்தில் நிறுத்தினால் குளிர்காலம் முழுவதும் கண்ணெதிரில் இருக்கும். கைவேலையை அட்டைப்பெட்டிக்குள் பூட்டிவைப்பது எனக்குப் பிடிக்காது.

டொராண்டோவின் குளிர் இன்னொரு வகையிலும் பொல்லாதது. தொடர்ந்து பல வாரங்கள் உறைந்தே கிடக்கும் இடங்களைவிட, பகலில் உருகி இரவில் உறையும் இடங்களில்தான் மட்பாண்டமும் செங்கல்லும் விரைவாகக் கெடுகின்றன. ஒவ்வொரு முறை உருகும்போதும் புதிய நீர் வெடிப்புக்குள் இன்னும் ஆழமாகப் புகுந்து மறுபடி உறைகிறது. 1889இல் தொடங்கப்பட்ட டான் பள்ளத்தாக்குச் செங்கற் சூளைகளின் வளாகம் இப்போது பொதுமக்கள் உலாவும் இடமாக இருக்கிறது. அங்கே போனால் பழைய சுவர்களைக் கவனித்துப் பாருங்கள். நீர் வடியும் இடங்களில் கல் எப்படி முகம் உரிகிறது என்பது எந்தப் பாடத்தையும்விட நன்றாகப் புரியும்.

செம்மண் தொட்டிகளையும் சட்டிகளையும் காலி செய்து, வெளிச்சுவரில் பூத்திருக்கும் வெள்ளை உப்பைக் கொஞ்சம் வினிகர் கலந்த நீரால் தேய்த்துக் கழுவி, நன்றாகக் காய்ந்த பிறகு கராஜில் கவிழ்த்து வையுங்கள். காயாமல் ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கினால் ஈரம் அங்கேயே நின்றுவிடும். நீர் புகாமல் தடுக்கும் பூச்சுகள் கடைகளில் கிடைக்கின்றன. அவற்றை நான் பரிந்துரைப்பதில்லை, ஏனென்றால் உள்ளே ஏறிய ஈரம் வெளியேறவும் அந்தப் பூச்சு தடையாகிறது. எந்தத் தொட்டியையாவது வெளியே விட்டே ஆக வேண்டுமென்றால், அடியில் மூன்று சிறு கற்களைக் கொடுத்துத் தரையிலிருந்து உயர்த்தி, மழை நேரடியாக விழாத கூரைச் சார்பில் வையுங்கள்.

பதில்: முருங்கைத்தோப்பு (மார்க்கம்)

திகிரி அண்ணா தொட்டியைப் பற்றிச் சொன்னது செடிக்கும் பொருந்தும் என்று நினைக்கிறேன். இலையுதிர்காலத்தில் உள்ளே வரும் வெப்பமண்டலச் செடிகள் குளிரால் சாவதைவிட, வேருக்கு வேண்டாத நீரால் சாவதே அதிகம்.

தங்கச்சி, உறைபனி விழும் நாளுக்காகக் காத்திருக்காதீர்கள். ஏரியை ஒட்டிய பகுதிகளில் அது சற்றுப் பிந்தும், எங்கள் மார்க்கம் பக்கம் முந்தும். இரவு வெப்பநிலை 10 பாகை செல்சியஸுக்குக் கீழே இறங்கும் முன்பே கறிவேப்பிலையும் துளசியும் வீட்டுக்குள் இருக்க வேண்டும். ரம்பைக்கு அந்தக் குளிரும் அதிகம். அதை முதலில் எடுங்கள். முழு வெயிலில் நின்ற செடியை ஒரே நாளில் உள்ளே தூக்கி வைக்காமல், ஒரு வாரம் நிழலில் நிறுத்திப் பழக்கிய பிறகு எடுத்தால் இலை உதிர்வது குறையும். அப்படிச் செய்தாலும் கறிவேப்பிலை கொஞ்சம் மஞ்சளித்து உதிரத்தான் செய்யும். டிசம்பர் பிற்பகுதியில் இங்கே பகற்பொழுது ஏறத்தாழ 9 மணி நேரந்தான் என்பதை அந்தச் செடியும் உணர்கிறது. இலை உதிர்வதைக் கண்டு பதறி நீரையும் உரத்தையும் கூட்டுபவர்கள்தாம் செடியை இழக்கிறார்கள். மார்ச் வரை உரம் வேண்டாம். விரலை இரண்டு அங்குலம் மண்ணுக்குள் விட்டுப் பார்த்து, அந்த ஆழத்திலும் காய்ந்திருந்தால் மட்டும் நீர் விடுங்கள். கவாத்து செய்வதையும் இளவேனில் நெருங்கும்வரை ஒத்திவையுங்கள்.

உள்ளே எடுக்கும் முன் ஒவ்வோர் இலையின் அடிப்பக்கத்தையும் பார்க்க வேண்டும். ஹீட்டிங் ஓடத் தொடங்கியதும் வீட்டுக் காற்று வறண்டுவிடும். சிலந்திப்பேனுக்கு அதைவிட உகந்த இடம் இல்லை. கறிவேப்பிலையின் தண்டில் பழுப்பு நிறத்தில் ஒட்டியிருக்கும் செதில்பூச்சியையும் நகத்தால் சுரண்டிப் பாருங்கள். குழாய் நீரை வேகமாக அடித்து இலைகளைக் கழுவிய பின், செடிகளுக்கென்று விற்கும் சவர்க்காரக் கரைசலைத் தெளித்து, இரண்டு வாரம் மற்றச் செடிகளிடமிருந்து விலக்கி வைத்தால் போதும். நிலவறையில் ஒரு விளக்கைத் தொங்கவிட்டு அங்கேயே வைக்கலாம். பூனையும் அங்கே வராது.

ஒரு பழைய வழக்கத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். தொட்டியின் அடியில் ஓட்டுச் சில்லுகளை அடுக்கினால் நீர் நன்றாக வடியும் என்று நம் வீடுகளில் சொல்லித்தான் வளர்ந்தோம். உண்மையில், நுண்ணிய மண்ணிலிருந்து பெரிய இடைவெளிகள் உள்ள அடுக்குக்குள், மேலே உள்ள மண் முழுவதும் ஊறி நிறையும்வரை நீர் இறங்குவதில்லை. ஆகவே சில்லு அடுக்கினால் ஊறிய மண் வேருக்கு இன்னும் நெருக்கமாகிறதே தவிர வடிகால் கூடுவதில்லை. துளையின்மேல் மண் சிந்தாமல் ஒரு சில்லு போதும். மிச்சச் சில்லுகளைக் கூர் போக உரசி மண்ணின் மேற்பரப்பில் நெருக்கமாகப் பரப்புங்கள், பூனை மண்ணைக் கிளறாது.

கல்வாழையின் இலைகள் முதல் உறைபனியில் கருகும்வரை விட்டுவிட்டு, அதன் பிறகு தண்டை ஒரு சாண் உயரத்தில் வெட்டி, கிழங்கைத் தோண்டி, மண்ணை உதறி, சற்று ஈரமான மரத்தூளில் புதைத்து 5 முதல் 10 பாகை வரையான குளிர்ச்சியான மூலையில் வையுங்கள்.

நிலத்தில் நட வேண்டியது பூண்டு. ஒன்ராறியோவில் பூண்டு நடுவதற்கு அக்டோபர் மாதந்தான் சரியான காலம். மண் உறைவதற்குள் பல் வேர்விட்டுக்கொள்ள வேண்டும், ஆனால் முளை பெரிதாக மேலே வந்துவிடக் கூடாது. உள்ளூர் விவசாயிகளின் சந்தையில், நடுவில் கெட்டியான தண்டு உள்ள வகையை வாங்குங்கள். கடையில் வாங்கும் இறக்குமதிப் பூண்டு இந்தக் குளிருக்கு ஒத்துவராத வகையாக இருக்கலாம். பற்களைப் பிரித்து, தோலை உரிக்காமல், கூர்நுனி மேலே இருக்கும்படி 5 செ.மீ. ஆழத்தில், 15 செ.மீ. இடைவெளியில் நட்டு, மேப்பிள் சருகை ஒரு சாண் உயரத்துக்கு மூடாக்காகப் போடுங்கள். ஜூனில் சுருண்டு வரும் பூந்தண்டை வெட்டி வறுத்துச் சாப்பிடலாம். ஜூலையில் அடியிலைகள் பழுக்கும்போது கிழங்கு கிடைக்கும். தோழிகள் எல்லோரும் ஒரே நாளில் கூடி நடுவதற்கு இதைவிட நல்ல பயிர் எனக்குத் தெரியாது.

மிஞ்சும் சருகைப் புல்வெட்டியால் பொடித்து ஒரு மூலையில் குவித்து வையுங்கள். ஓரிரு ஆண்டில் அது மட்கி, தொட்டி மண்ணோடு கலப்பதற்கு அருமையான இலைமக்காகும். மாநகராட்சி எடுத்துப் போகட்டும் என்று அவ்வளவையும் காகிதப் பைகளில் கட்டித் தெருவில் வைப்பவர்களைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கும்.

பதில்: வெள்ளைப்பூனை (ஏஜாக்ஸ்)

விலங்கு மருத்துவ நிலையம் ஒன்றில் உதவியாளராக வேலை செய்கிறேன். இலையுதிர்காலத்தில் எங்களிடம் வரும் பூனைகளிலும் நாய்களிலும் கணிசமானவை செடியையோ கிழங்கையோ கடித்துவிட்டு வருபவை என்பதால், பவளமல்லி அக்கா இதை முன்கூட்டியே கேட்டது மிகவும் நல்லது.

உங்கள் பட்டியலில் கவனிக்க வேண்டியது கற்றாழை. மனிதருக்கு மருந்தாகும் அதே செடியின் தோலுக்கடியில் உள்ள மஞ்சள் பால், பூனைக்கும் நாய்க்கும் வாந்தியும் பேதியும் உண்டாக்கும். அதைப் பூனை ஏற முடியாத இடத்தில் தொங்கவிடுங்கள், அல்லது விலங்கில்லாத தோழியிடம் கொடுத்துவிடுங்கள். பலர் வீட்டில் வைத்திருக்கும் மணி பிளாண்ட் கொடியும் வாயையும் தொண்டையையும் எரியவைக்கும். துளசியைக் கொஞ்சம் கடித்தால் அஞ்ச வேண்டியதில்லை.

இந்தப் பருவத்தில் வாசற்படியில் பூசணிக்காயோடு வைக்கும் செவ்வந்தித் தொட்டிகளும் விலங்குகளுக்கு ஆகாதவை. ஆனால் எனக்கு உண்மையிலேயே அச்சம் தருவது லில்லி மலர்தான். கூடி விருந்துண்ணும் காலம் இது என்பதால், அக்டோபர் இரண்டாம் திங்கட்கிழமை வரும் நன்றி நவிலல் நாளுக்குப் பூங்கொத்தோடு வருபவர்கள் உண்டு. லில்லியின் இதழ், இலை, மகரந்தம், பூச்சாடியில் உள்ள நீர் எதுவானாலும் பூனையின் சிறுநீரகத்தை ஓரிரு நாளில் செயலிழக்கச் செய்துவிடும். உடம்பில் ஒட்டிய மகரந்தத்தை நக்கினாலே போதும். பூனை உள்ள வீட்டுக்குள் லில்லி வரவே கூடாது என்று தோழிகளிடம் இப்போதே சொல்லிவையுங்கள். அப்படி ஏதேனும் நடந்துவிட்டால் அறிகுறிக்காகக் காத்திருக்காமல் அந்த மணி நேரமே மருத்துவரிடம் கொண்டு போங்கள்.

நாயைப் பொறுத்தவரை, நிலத்தில் நடும் கிழங்குகளே சிக்கல். துலிப்பிலும் நார்சிசஸிலும் நஞ்சு அதிகம் இருப்பது கிழங்கில்தான். எலும்புத்தூள் போட்டு நட்டால் அந்த வாசனைக்கே நாய் தோண்டும். நார்சிசஸை அணில் தொடாது, துலிப்பை விட்டுவைக்காது. எதை நட்டாலும் மேலே கோழிவலையை விரித்து ஆணியடித்து, அதன்மேல் மண்ணைத் தள்ளிவிட்டால் அணிலும் நாயும் இரண்டுமே தோண்ட முடியாது. முருங்கைத்தோப்பு அக்கா சொன்ன பூண்டுப் பாத்திக்கும் இதே வலையைப் போட வேண்டும், ஏனென்றால் பூண்டும் வெங்காயமும் நாய் பூனைகளின் சிவப்பணுக்களை அழிக்கும். இலையுதிர்காலக் குரோக்கஸ் என்று விற்கப்படும் கொல்ச்சிக்கம், இலையே இல்லாமல் ஊதாப் பூவோடு நிற்கும் அழகான செடி. அதைத் தயவுசெய்து வாங்க வேண்டாம். அதன் ஒவ்வொரு பகுதியும் கடும் நஞ்சு.

சருகுக் குவியலில் நாய் புரண்டுவிட்டு வந்தால் உண்ணி இருக்கிறதா என்று காதோரம், கக்கம், விரலிடுக்கு எல்லாம் தடவிப் பாருங்கள். லைம் நோயைப் பரப்பும் கருங்கால் உண்ணி குளிர் தொடங்கியதும் ஓய்ந்துவிடும் என்று நினைக்கிறார்கள். வெப்பநிலை 4 பாகைக்கு மேல் இருக்கும் நாட்களில் அது நவம்பரிலும் சுறுசுறுப்பாகவே இருக்கும். ரூஜ் பள்ளத்தாக்குக்கு அருகில் நடக்கக் கூட்டிப் போகிறவர்கள் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். கராஜில் தொட்டிகளை அடுக்கும்போது, காருக்கு ஊற்றும் உறைதடுப்பு நீர்மம் எங்காவது சிந்தியிருக்கிறதா என்றும் பாருங்கள். இனிப்புச் சுவையுள்ளது என்பதால் விலங்குகள் விரும்பி நக்கும். மிகச் சிறிதளவே பூனையைக் கொல்லப் போதும்.

பூனைக்கு ஏதாவது பச்சையாகக் கடிக்க வேண்டும் என்பதும் நியாயம்தானே? ஒரு தட்டையான சட்டியில் கோதுமையையோ ஓட்ஸையோ நெருக்கமாக விதைத்தால் ஒரு வாரத்துக்குள் புல் வந்துவிடும். அதைக் கறிவேப்பிலைக்கு முன்னால் வைத்தால் பூனை பெரும்பாலும் அதோடு நின்றுவிடும்.

பவளமல்லி:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. தோழியிடம் கேட்டேன். கற்களிமண்ணில் வனைந்து கோன் 6இல் சுட்டது என்றார். ஆனாலும் திகிரி அண்ணா சொன்ன வடிவக் காரணத்துக்காக அதை உள்ளே எடுத்துவிட்டோம். கறிவேப்பிலை இப்போது அதில்தான் நிற்கிறது. கற்றாழையை நிலவறைக் கூரையில் தொங்கவிட்டாயிற்று. பூண்டு நடுவதற்கு எல்லோரும் ஒரே குரலில் சம்மதித்தார்கள்.

திகிரி அண்ணாவிடம் இன்னும் இரண்டு கேள்விகள். கார்த்திகை விளக்கீட்டுக்கு நாங்களே சிட்டி விளக்குகளை வனைந்தால் என்ன என்று தோழி கேட்கிறார். எங்களில் அவரைத் தவிர யாருக்கும் பயிற்சி இல்லை. பூனைக்கு ஒரு சாப்பாட்டுக் கிண்ணமும் செய்து தருவதாகச் சொல்கிறார். இவற்றுக்கு எந்த மண், எந்தச் சூடு, எவ்வளவு காலம் ஆகும்?

பதில்: திகிரி (மிசிசாகா)

விளக்கு வனையச் சக்கரம் வேண்டாம். எலுமிச்சம்பழ அளவு களிமண்ணை உருட்டி, பெருவிரலால் நடுவில் அழுத்திச் சுவரைக் கிள்ளிக் கிள்ளி மெல்லியதாக்கி, ஓரிடத்தில் திரி கிடக்க மூக்கு இழுத்துவிட்டால் விளக்கு ஆயிற்று; குழந்தைகளும் செய்யலாம். சுவர் எல்லா இடத்திலும் ஒரே தடிமனாக இருக்க வேண்டும் என்பது ஒன்றுதான் நிபந்தனை. ஹீட்டிங் ஓடும் வீட்டில் விளிம்பு விரைவில் காய்ந்து அடி ஈரமாகவே இருக்கும், அந்த வேறுபாட்டில் மூக்கின் ஓரத்தில் வெடிப்பு விழும். ஆகவே முதல் சில நாட்கள் மெல்லிய பிளாஸ்டிக் தாளைத் தளர்வாகப் போர்த்தி வையுங்கள். நன்றாக உலராத மண் சூளையில் 100 டிகிரியைக் கடக்கும்போது உள்ளிருக்கும் நீர் ஆவியாகி விளக்கைச் சிதறடிக்கும், பக்கத்தில் இருக்கும் மற்றவர்களின் வேலையையும் உடைக்கும். கன்னத்தில் வைத்துப் பார்த்தால் சில்லென்று இருக்கக் கூடாது.

விளக்குக்குச் செம்மண்ணும், மெருகு பூசுவதற்கு முன் சுடும் முதற்சூளையின் 1000 டிகிரிச் சூடுமே போதும், மெருகு தேவையில்லை. ஏற்றுவதற்கு முன் நீரில் சில மணி நேரம் ஊறவைத்து நிழலில் உலர்த்தினால் எண்ணெயை அதிகம் குடிக்காது. நம் ஊரில் பாட்டிமார் செய்வதும் அதுதான்; ஆனால் இங்கே ஊறிய விளக்குகளை இரவில் வாசலில் விட்டுவிட்டால் உறைந்து உரிந்துவிடும், வீட்டுக்குள் உலர்த்துங்கள். ஏற்றும்போது பூனையின் வால் எட்டாத உயரத்தில் வையுங்கள்.

கிண்ணத்துக்கு முற்றிலும் வேறு கணக்கு. அதைக் கற்களிமண்ணில் வனைந்து, உணவுக்கு ஏற்றது என்று பட்டறையில் குறித்துள்ள மெருகை உட்புறம் முழுவதும் பூசி, கோன் 6இல் சுட வேண்டும். மெருகில்லாத செம்மண் கிண்ணம் உணவின் நெய்யையும் ஈரத்தையும் குடித்து, எவ்வளவு கழுவினாலும் நுண்துளைகளில் கிருமி தங்கும் இடமாகிவிடும். பூனைக்கு மீசை மயிர் விளிம்பில் உரசாதபடி அகலமாகவும் ஆழமில்லாமலும் இருக்கட்டும். கற்களிமண் காய்ந்து சுட்டு முடியும்போது ஏறத்தாழ 12 விழுக்காடு சுருங்கும் என்பதால், 15 செ.மீ. அகலம் வேண்டுமென்றால் ஈரத்தில் 17 செ.மீ.க்கு வனையச் சொல்லுங்கள்.

காலத்தைப் பொறுத்தவரை, உலர்வதற்கு ஒன்றிரண்டு வாரம். அதன் பிறகு சமூக நிலையத்தில் சூளை நிறையும்வரை காத்திருக்க வேண்டும். கிண்ணத்துக்கு முதற்சூளை, மெருகுச் சூளை என்று இரண்டு முறை காத்திருப்பு. இந்த மாதம் எல்லாப் பட்டறைகளிலும் நத்தார்ப் பரிசு செய்பவர்களின் கூட்டம் தொடங்கிவிடும். பூண்டு நடும் அதே சனிக்கிழமை மாலையில் மண்ணையும் எடுத்து உட்கார்ந்துவிடுங்கள். கைகள் ஏற்கெனவே மண்ணாகத்தான் இருக்கும். களிமண் காய்ந்து தரையில் தூசியானால் அதை விளக்குமாற்றால் பெருக்காமல் ஈரத்துணியால் துடைத்தெடுங்கள், அந்தத் தூசியில் உள்ள சிலிக்கா உங்கள் நுரையீரலுக்கும் தரையிலேயே படுத்திருக்கும் பூனைக்கும் நல்லதல்ல. மெருகுப் பொடிகளை வீட்டுக்குக் கொண்டுவர வேண்டாம். அந்த வேலையை நிலையத்திலேயே தோழி முடித்துவிடட்டும்.